4100-இல் தொடங்கும் பாடம்

கொங்கு நாட்டுக் கைவினைஞர் – தொடர் கட்டுரை

கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ சேலத்திலோ எலெக்ட்ரானிக்ஸ் படித்துத் தேறிய ஒருவரை, அவர் இன்று வங்கியில் உத்தியோகம் பார்ப்பவராயினும் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்பவராயினும், வழியில் நிறுத்தி, “மைக்ரோப்ராசஸர் லேபில் புரோகிராமை எந்த முகவரியிலிருந்து அடிக்கத் தொடங்குவீர்கள்?” என்று கேட்டால், படித்தவற்றில் முக்கால்வாசி மறந்துபோயிருந்தாலும், “4100” என்று தயக்கமின்றிச் சொல்லிவிடுவார். ஏன் 4100, ஏன் 4000-ஆக இருக்கலாகாது என்று அடுத்த கேள்வியைப் போட்டால் மட்டும் அநேகமாக மௌனந்தான் பதிலாகக் கிடைக்கும். காரணம் ஒன்றும் பிரமாதமானதன்று. சென்னை வி மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் தயாரித்துத் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றுக்கும் அளித்த 8085 மைக்ரோப்ராசஸர் பயிற்சிக் கிட்டில், எழுதி மாற்றக்கூடிய நினைவகம் 4000 என்ற ஹெக்ஸ் (பதினாறு அடிமான) முகவரியில் ஆரம்பமாகிறது; அதன் முதல் 256 இடங்களை, கிட்டுக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கும் மானிட்டர் புரோகிராம் தன் சொந்தக் கணக்கு வழக்குகளுக்கென்று எடுத்துக்கொண்டுவிடுவதால், மாணவனுக்கு விடப்பட்ட இடம் 4100-இல் தொடங்குகிறது.

அந்த இடத்தில் அவன் முதல் நாள் செய்வது ஐந்தையும் மூன்றையும் கூட்டுவது. 3ஈ 05 06 03 80 32 00 45 76 என்று ஒன்பது எண்களை ஒவ்வொன்றாகச் சின்னஞ்சிறு பொத்தான்களில் அழுத்தி, ஓடவிட்டு, 4500-ஆம் முகவரியைத் திறந்து பார்த்தால் 08 என்று சிவப்பெழுத்தில் தெரியும். ஏ என்ற பெட்டியில் ஐந்தை வை, பி என்ற பெட்டியில் மூன்றை வை, இரண்டையும் கூட்டு, விடையை 4500-இல் கொண்டுபோய்ப் போடு, நில் என்பதுதான் அந்த ஒன்பது எண்களின் தாத்பரியம். 4500 என்பதை 00 45 என்று திருப்பி அடிக்க வேண்டியிருப்பதைக் கவனித்து, அது ஏன் என்று கேட்கும் மாணவன் வகுப்புக்கு ஒருவன் இருந்தால் அதிகம். மற்றவர்கள் அப்சர்வேஷன் நோட்டில் விடையைக் குறித்து, கையெழுத்து வாங்கி, ரெக்கார்டில் பிரதி எடுத்து, வைவாவுக்கு முதல் நாள் இரவு ரமேஷ் கோன்கரின் புத்தகத்தைப் புரட்டுவதோடு அந்த விஷயம் முடிந்துபோகிறது. 1984-இல் முதலில் வெளியான அப்புத்தகம் நம் தேசத்துக் கல்லூரிகளில் பெற்ற ஆயுள், அதில் சொல்லப்படும் சிப்பின் ஆயுளையே விஞ்சிவிட்டது.

கிட்டைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆயிரக்கணக்கான விரல்களின் அழுத்தத்தைத் தாங்கி, மின்சாரம் போய்ப் போய் வந்தும், வருஷக்கணக்கில் பிழைத்துக் கிடக்கும் உபகரணம் அது. ஆனால் நினைவகம், விசைப்பலகை, எழுத்துக்காட்டி, மானிட்டர் எல்லாம் தயாராகக் கட்டி முடித்துக் கொடுக்கப்பட்டுவிடுவதால், கணினி என்பது எந்தக் கணத்தில் வெறும் சில்லுகளின் கூட்டம் என்ற நிலையிலிருந்து கணினி என்ற நிலைக்கு வருகிறது என்ற அதிசயத்தை மாணவன் தரிசிக்காமலேயே போய்விடுகிறான். அந்தத் தரிசனம் வேண்டுமென்றால் நாற்பது கால்களையுடைய அந்த 8085 ஐசியை வெறுமனே கையில் வாங்கி, டாட் போர்டில் தானே குடியேற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. அப்படிச் செய்கிறவர்கள் கோவையில் இன்றும் இருக்கிறார்கள்; இந்த வாரம் அவர்கள் செய்கிற காரியத்தைப் பற்றி.

அதற்கு முன் இந்தச் சிப்புகளின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜப்பானியக் கால்குலேட்டர் கம்பெனி ஒன்றுக்காக இன்டெல் செய்த 4004 வெளிவந்தது 1971-இல். 1974-இல் வந்த 8080, மூன்று வெவ்வேறு மின்னழுத்தங்களைக் கேட்டுத் தன்னை வாங்கியவர்களைப் படுத்தியது. 1976-இல் வந்த 8085 ஐந்து வோல்ட் ஒன்றே போதும் என்றது. பெயரின் கடைசியிலுள்ள 5 அந்தப் பெருமையைத்தான் குறிக்கிறது. அதில் இருப்பவை ஏறத்தாழ 6,500 டிரான்சிஸ்டர்கள். அதே ஆண்டு, இன்டெலைவிட்டு வெளியேறிய ஃபெடெரிகோ ஃபாஜின் தம் ஜைலாக் கம்பெனியின் மூலம் இசட்80-ஐக் கொண்டுவந்தார். அதற்கு முந்திய 1975-இல், மற்றவர்கள் நூற்றுக்கணக்கான டாலர் விலை சொல்லிக்கொண்டிருந்தபோது, 6502 என்ற சிப் இருபத்தைந்து டாலருக்குக் கிடைத்தது. நம் பள்ளிப் பிள்ளைகள் சிலர் அந்த 6502-ஐ அறியாமலேயே பழகியிருக்கிறார்கள்: 1984-இல் மத்திய அரசு ஆரம்பித்த ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோ கணினியின் உள்ளே இருந்தது அதுவே. இசட்80 வேண்டியவர்களுக்கு, 1980களின் பிற்பகுதியில் புணேயின் டெசிபெல்ஸ் நிறுவனத்தார் ஸ்பெக்ட்ரம் கணினியை இந்தியாவிலேயே செய்து விற்றார்கள். 8085-க்கு இப்படி வீட்டுக்குள் வரும் யோகம் வாய்க்கவில்லை. ஆனால் அதன் வம்சத்தைச் சேர்ந்த 80சி85, சோஜர்னர் என்ற சிறு வண்டியில் ஏறி, 1997-இல் செவ்வாய்க் கிரகத்தில் ஊர்ந்திருக்கிறது. வீட்டுக்குப் போகாதது விண்ணுக்குப் போயிற்று.

பிறர் செய்த பொருளைப் பிரித்துப் பார்த்து, அதைத் தானே செய்து, விலையையும் குறைத்துக் காட்டுவது கோவைக்குப் புதிதன்று. 1937-இல் தே. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து செய்த மின்மோட்டார், இந்தியாவின் முதல் மோட்டார் என்று இன்றளவும் பேசப்படுகிறது. ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று ஜி.டி. நாயுடு 1941-இல் அறிவித்ததை முன்னொரு இதழில் விவரித்திருந்தேன். 1945-இல் அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் இங்கே பொறியியற் கல்லூரி தோன்றக் காரணமாயிருந்தவரும் அவரே. தடாகம் சாலையில் இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக நிற்பது அதன் தொடர்ச்சி. நான்கு வருஷப் படிப்பு காலவிரயம், இரண்டே வருஷத்தில் கற்பித்துவிடலாம் என்ற அவருடைய அபிப்பிராயத்தை அன்றைய அரசாங்கம் ஏற்கவில்லை, அவரும் ஒதுங்கிக்கொண்டார். அவருடைய கணக்கு சரியா தவறா என்ற விவாதம் இங்கே வேண்டாம். ஆனால், ஒன்பது எண்களை அடித்துவிட்டு எழுந்து போகும் லேப் வகுப்பைப் பார்க்கும் போதெல்லாம், அந்த மனிதருடைய பொறுமையின்மை எனக்கு நியாயமாகவே படுகிறது.

இனி காரியத்துக்கு வருவோம். வெறும் 8085-ஐக் கையில் வைத்துக்கொண்டிருப்பவனுக்கு முதலில் தேவைப்படுவது, அது உயிரோடிருக்கிறதா என்று அறியும் உபாயம். நினைவகம் இல்லை, புரோகிராம் இல்லை, எழுத்துக்காட்டி இல்லை. எதைக் கொண்டு சோதிப்பது? இதற்குப் பழைய தலைமுறைக்காரர்கள் கண்டுவைத்த தந்திரம் மிக அழகானது. 8085-இன் பாஷையில் 00 என்ற எண்ணுக்கு ‘ஒன்றும் செய்யாதே, அடுத்ததற்குப் போ’ என்று பொருள். 12 முதல் 19 வரையிலான எட்டுக் கால்கள் தரவைக் கொண்டுவருபவை. அவை ஒவ்வொன்றையும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாகப் பூமியோடு இணைத்துவிட்டால், ப்ராசஸர் எந்த முகவரியில் எதைப் படித்தாலும் 00-தான் கிடைக்கும். ஆகவே அது ஒன்றும் செய்யாமல் அடுத்த முகவரிக்கும், அங்கும் ஒன்றும் செய்யாமல் அதற்கடுத்ததற்கும் என்று, 65,536 முகவரிகளையும் சுற்றி முடித்து மறுபடியும் பூஜ்யத்திலிருந்து புறப்படும். 6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் போட்டால் சிப் அதைப் பாதியாக்கி 3.072-இல் ஓடுகிறது, ஒரு ‘ஒன்றும் செய்யாதே’வுக்கு நான்கு துடிப்புகள், கணக்குப் போட்டால் முழுச் சுற்று ஒரு வினாடிக்குப் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு முறை நிகழ்கிறது. முகவரிக் கால்களில் மிக உயர்ந்ததாகிய ஏ15-இல் ஒரு டிரான்சிஸ்டரின் துணையோடு எல்.இ.டி. விளக்கைக் கட்டினால், அது அந்த வேகத்தில் படபடவென்று மின்னுவதைக் கண்ணாலேயே காணலாம். ஒன்றும் செய்யாதிருக்கும்படி ஆணையிட்டு, அந்த ஆணையை அது எவ்வளவு சிரத்தையாக நிறைவேற்றுகிறது என்பதைப் பார்த்து இயந்திரத்தின் ஆரோக்கியத்தை அறிவது, எனக்குத் தெரிந்த பரீட்சைகளுள் மிக நேர்த்தியானது.

விளக்கு மின்னவில்லையென்றால் புதியவன் உடனே சிப்பின் மேல் பழியைப் போடுகிறான். பீளமேட்டுப் பக்கத்து மில் ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் பராமரிப்பிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம், இப்படிப் பழி போட்டுக்கொண்டு ஒரு கல்லூரி இளைஞன் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர் சிப்பைத் தொடவே இல்லை.

“ஏனுங் தம்பி, சிப்ப மாத்தோணுங்கறதுக்கு முன்னால கரண்டு வருதான்னு பாத்தீங்ளா?”

“பாத்துட்டனுங்க ஐயா. அஞ்சு வோல்ட்டு வருதுங்க.”

“எங்க வருது? சப்ளையில வந்தாப் போதாதுங்க தம்பி, அந்த நாப்பதாங் கால்ல வரோணும்.”

மீட்டரின் முனையை நாற்பதாம் காலில் வைத்தபோது நான்கு வோல்ட்டுக்கும் கீழே காட்டியது. ஈயம் சரியாகப் பிடிக்காத ஓர் இணைப்பு ஒரு வோல்ட்டை விழுங்கிக்கொண்டிருந்தது. இறக்குமதியான நூற்பு இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளோடு ஆயுள் முழுவதும் மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த நிதானம் கைவந்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து மாற்றுப் பலகை வருவதற்குள் மில் ஷிப்டுகளை இழந்துவிடும் என்ற நிர்ப்பந்தத்தில் பழகிய வித்தை அது, கல்லூரியில் கற்றுக்கொடுக்கக்கூடியதன்று.

இரண்டாம் கட்டம் இபிராம் என்ற நிரந்தர நினைவகம். முதுகில் கண்ணாடிச் சன்னல் வைத்த இந்த ஐசியில் ஒருமுறை எழுதியதை அழிக்க, புறஊதா விளக்கின் கீழ் கால்மணியோ இருபது நிமிஷமோ வைக்க வேண்டும். விளக்கு இல்லாதவர்கள் வெயிலில் வைக்கலாம். நேர் வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்று தயாரிப்பாளர்களின் கையேடே சொல்கிறது. எழுதிய பின் அந்தச் சன்னலின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மூடுவது இதனால்தான். அழிக்கப்பட்ட இபிராமில் எல்லா இடங்களிலும் எஃப்எஃப் என்ற எண் நிற்கிறது. இங்கே ஒரு வேடிக்கை. 00-ஐப் போல எஃப்எஃப் சும்மா இருக்கும் கட்டளையன்று. ‘திரும்பி வர வேண்டிய முகவரியை நினைவகத்தில் குறித்துவைத்துவிட்டு 0038-க்குத் தாவு’ என்று அதற்குப் பொருள். 0038-இலும் எஃப்எஃப்-தான் இருக்கிறது. எனவே ப்ராசஸர் அங்கேயே நின்று தன் முகவரிக்கே தாவித் தாவி, தாவும் தோறும் 0039 என்ற திரும்பும் முகவரியைக் குறித்துக்கொண்டே போக, கண்மூடித் திறப்பதற்குள் நினைவகம் முழுவதும் 39 00 39 00 என்று நிரம்பிவிடுகிறது. எழுத மறந்த இபிராமையோ, சாக்கெட்டில் கால் மடங்கி உட்காராத இபிராமையோ இந்தக் கோலத்தை வைத்தே அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள்.

சாக்கெட் என்றதும் ஒரு சங்கதி. இபிராமில் எழுதும் கருவிகளில், நெம்பைத் தூக்கினால் ஐசியைத் தளர்த்தி விடுகிற ஒரு சாக்கெட் உண்டு. அதன் மேல் டெக்ஸ்டூல் என்று பெயர் பொறித்திருப்பதைக் கண்டு, பாலசுந்தரம் நாயுடு நிறுவிய நம் கோவை டெக்ஸ்டூலின் தயாரிப்பு என்று உள்ளூர் அபிமானத்தோடு மகிழ்கிறவர்கள் உண்டு. அது அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்து டெக்ஸ்டூல்; நம்முடையது ஜவுளி இயந்திரம் செய்த டெக்ஸ்டூல். இரண்டுக்கும் பெயரைத் தவிர உறவு கிடையாது.

சிப்புகள் கிடைப்பது நாளுக்கு நாள் அருமையாகி வருகிறது. 8085-ஐ இன்டெல் கைவிட்டு வெகுகாலமாகிறது. சென்னை ரிச்சி தெருவிலோ, உக்கடத்துப் பழைய சாமான் கடைக்கு வரும் கழித்த பலகைகளிலோ தேடிப் பொறுக்க வேண்டும். பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிய எழுத்து அடித்து ஏமாற்றும் வியாபாரமும் இந்தத் துறையில் தாராளமாக நடக்கிறது. அரை நூற்றாண்டுக்கு அருகில் ஓடிய இசட்80-க்குக் கடைசி ஆர்டர்களை அனுப்பிவிடுமாறு ஜைலாக் 2024-இல் அறிவித்துவிட்டது. 6502-இன் சந்ததி மட்டும் இன்னும் புதிதாகவே உற்பத்தியாகிறது. அமெரிக்காவில் பென் ஈட்டர் என்பவர் அதை வைத்துப் பிரெட்போர்டில் கணினி கட்டும் வித்தையைப் படம்பிடித்துக் காட்டி, உலகெங்கும் பலரை இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார். நம் ஊர் இளைஞன் ஒருவன் என்னிடம் யோசனை கேட்டால், 6502-இல் ஆரம்பிப்பதே சிக்கனம் என்றுதான் சொல்வேன். ஆனால் கோவையில் கேட்டால் சந்தேகத்தைத் தீர்த்துவைக்க ஆள் இருப்பது 8085-க்குத்தான்.

இபிராமும் நினைவகமும் அமர்ந்து, எல்.இ.டி. நம் சொற்படி அணைந்து எரியத் தொடங்கியபின், அடுத்த வேலை நமக்கென்று சொந்தமாக ஒரு மானிட்டர் எழுதுவது. விசைப்பலகைக்கும் எழுத்துக்காட்டிக்கும் தனி ஐசிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. 8085-இன் நான்காம் கால் ஒரே கம்பியில் செய்தியை வெளியே அனுப்பும். ஐந்தாம் கால் ஒரே கம்பியில் உள்ளே வாங்கிக்கொள்ளும். பிட்டுக்குப் பிட்டு காலத்தை அளந்து அனுப்பும் புரோகிராமைக் கையாலேயே எழுதிவிட்டால், அந்த இரண்டு கால்களைக் கொண்டே மேஜைமேலுள்ள நவீனக் கணினியோடு இந்தப் பழைய சிப்பைப் பேசவைக்கலாம். அந்தக் காலக்கணக்கை எப்படிப் போடுவது, ஒரு துடிப்பு பிசகினால் என்னென்ன விபரீத எழுத்துக்கள் திரையில் வந்து விழும் என்பதையெல்லாம் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)