12 வருஷ வனவாசம் முடிந்தது! ஷெனாய் நகர் பூங்காவில் மறுபடியும் பந்துச் சத்தம்

ராமர் காட்டுக்குப் போனது 14 வருஷம். பாண்டவர்கள் போனது 12 வருஷம். சென்னை ஷெனாய் நகர்வாசிகளுக்கும் 12 வருஷம்தான். ஒரே ஒரு வித்தியாசம்: இவர்கள் காட்டுக்குப் போகவில்லை. இவர்களிடம் இருந்த சின்னக் காடுதான் போய்விட்டது!

மெட்ரோ ரயில் வேலைக்காக 2011-ல் பூட்டப்பட்டது திரு.வி.க. பூங்கா. மறுபடி திறந்தது 2023-ல். பூட்டிய அன்று ஊஞ்சலுக்கு அழுத 4 வயசுக் குழந்தை, திறந்த அன்று 16 வயசு. பந்து பொறுக்கிப் போட்ட 8 வயசுப் பொடியன் 20 வயசு வாலிபன். நடுவில் ஒரு பட்டாளமே பார்க் என்றால் தகர வேலி என்று நினைத்து வளர்ந்து விட்டது.

ஏறத்தாழ 9 ஏக்கர் நிலம். அமைந்தகரை பக்கம் இவ்வளவு பெரிய திறந்தவெளி வேறு எங்கே இருக்கிறது? காலையில் நடக்க வருகிறவர்கள், மத்தியானம் மர நிழலில் சாய்கிறவர்கள், சாயங்காலம் குழந்தைகளோடு வரும் தாய்மார்கள் எல்லோருக்கும் அதுதான் இடம். அதை ஒரே நாளில் வேலி போட்டு அடைத்தால் எப்படி இருக்கும்?

வெட்டு விழுந்த மரங்கள்

மண்ணுக்கு அடியில் ஓடும் ரயிலுக்குப் பாதையை எந்திரம் குடைந்து கொண்டே போய்விடும். மேலே இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் ஸ்டேஷன் கட்டுவது அப்படி அல்ல. மேலிருந்து பள்ளம் தோண்ட வேண்டும். பக்கச் சுவர் எழுப்ப வேண்டும். நடைமேடை, டிக்கெட் கொடுக்கும் தளம் எல்லாம் கட்டி, கான்கிரீட் கூரை போட்டு, அதன் மேல் மண்ணைக் கொட்டி மூட வேண்டும். நெரிசலான ஊரில் அவ்வளவு பெரிய பள்ளத்துக்கு இடம் எங்கே? வீடுகளை இடிப்பதற்குப் பூங்கா மேல் என்று கணக்குப் போட்டார்கள்.

மரங்களை வெட்டக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் வேறு காரியத்துக்குத் திருப்பி விடாமல் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் ரயில் என்றால் அதுவும் பொதுக் காரியம்தானே! ஒரு பொதுக் காரியத்துக்காக இன்னொரு பொதுக் காரியம் ஒதுங்கி நின்றது. மரங்கள் சாய்ந்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பூங்கா யார் பெயரில் இருக்கிறது? தமிழ்த் தென்றல் திரு.வி.கலியாணசுந்தரனார் பெயரில். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது முன்னால் நின்றவர். ஆலைத் தொழிலாளிக்கு ஓய்வும் காற்றும் வேண்டும் என்று வாதாடியவர் பரம்பரை. அதோடு, இயற்கை அழகையே முருகன் என்று கண்டு ‘முருகன் அல்லது அழகு’ என்று புத்தகம் எழுதியவர். அவர் பெயர் எழுதிய பலகை இருந்த இடத்திலேயே கோடாலி விழுந்தது!

ரயில் வந்தது... பார்க் வரலை!

2017 மே 14-ந் தேதி திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் நடுவே சுரங்கப் பாதையில் ரயில் ஓட ஆரம்பித்தது. சென்னைக்கு அதுதான் முதல் சுரங்க ரயில். ஷெனாய் நகர் ஸ்டேஷனும் அன்றைக்கே திறந்தது. ஜனங்கள் ஜேஜே என்று போய்ப் பார்த்தார்கள். நகரும் படிக்கட்டு, ஏ.சி., பளபள தரை. எல்லாம் சரி. மேலே ஏறி வந்தால் பூங்கா இருந்த இடத்தில் மண் மேடும் வேலியும்.

ரயில் ஓடிய பிறகும் ஆறு வருஷம்! கீழே கார் நிறுத்தலாம், கடைகள் வைக்கலாம் என்ற திட்டமெல்லாம் பேச்சில் அடிபட்டது. ‘பார்க்கை எப்போ சார் திறப்பாங்க?’ என்பது அந்த வட்டாரத்து டீக்கடைகளில் மழை, வெயில் மாதிரி வழக்கமான பேச்சாகி விட்டது. நடந்து பழகிய பெரியவர்கள் பஸ், ஆட்டோ நடுவே ரோட்டோரம் நடந்தார்கள். பையன்கள் தெருவில் செங்கல்லை ஸ்டம்ப் ஆக்கினார்கள். பந்து பட்டு ஜன்னல் உடைந்தால் யாரைத் திட்டுவது?

பந்துக்கும் இடம் உண்டு

ஒருவழியாகத் திறந்த பூங்கா பழைய பூங்கா அல்ல. நடைபாதை இருக்கிறது, குழந்தைகளுக்கு ஊஞ்சல், சறுக்கு மரம் இருக்கிறது. கூடவே ஷட்டில் ஆட இடம், கூடைப்பந்துத் தளம், ஸ்கேட்டிங் தளம், கிரிக்கெட் பயிற்சிக்கு வலை, கூட்டம் நடத்தத் திறந்தவெளி அரங்கு, உட்கார்ந்து படிக்க இடம் என்று ஏகப்பட்ட சமாசாரங்கள்.

இது சாதாரண மாற்றம் இல்லை. ‘புல்லில் நடக்காதே, பூவைப் பறிக்காதே, பந்து விளையாடாதே’ என்ற மூன்று கட்டளைகளைப் பலகையில் எழுதி வைப்பதுதான் நம் ஊர்ப் பூங்காக்களின் நெடுங்கால வழக்கம். பந்தோடு வந்த பையனைக் காவலாளி விரட்டுவார். அவன் சுவர் ஏறிக் குதித்து மறுபடி வருவான். இங்கே அவனுக்கு என்றே இடம் ஒதுக்கி, வலை கட்டி, ‘வாப்பா, ஆடு’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். காசு கட்டி ‘டர்ஃப்’ மைதானத்தில் ஆட வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் நிழல்? அதில்தான் வயிற்றெரிச்சல். கான்கிரீட் கூரை மேல் கொட்டிய மண்ணில் புல் வளரும், செடி வளரும், சின்ன மரமும் நிற்கும். ஆலும் அரசும் ஆழமாக வேர் விட முடியுமா? கூரை இல்லாத ஓரங்களில் வைத்த கன்றுகள்தான் பெரிய மரமாக வேண்டும். சித்திரை வெயிலில் கூடைப்பந்துத் தளம் தோசைக்கல்தான். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதை யாராவது மறந்தால் இன்னும் இருபது வருஷத்துக்கு மத்தியானத்தில் அந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். புதுசாக ஒரு விளக்குக் கம்பம் நட ஒரு நாள் போதும். வெட்டிய மரத்துக்கு ஈடு வளர ஒரு ஆயுசு வேண்டும்.

யாருக்கு எந்த நேரம்?

பூங்காவைத் திறப்பது லேசு. பங்கு போடுவதுதான் கஷ்டம். நடக்க வருகிற பெரியவருக்கு அமைதி வேண்டும். ஸ்கேட்டிங் பிள்ளைக்கு வேகம் வேண்டும். ஷட்டில் ஆட நாலு பேர் இறங்கினால் நாற்பது பேர் ஓரத்தில் நிற்பார்கள். பெரிய பையன்கள் தளத்தைப் பிடித்துக் கொண்டால் பெண் பிள்ளைகள் எப்போது ஆடுவது? ‘கோச்சிங்’ என்று விசிலும் கையுமாக ஒருவர் வந்து, பொது வலையைத் தன் கடையாக மாற்றிக் கொள்ளும் ஆபத்து எல்லா மைதானத்துக்கும் உண்டு. வாசலில் ஒரு பலகை வைத்து, எந்த நேரம் யாருக்கு என்று எழுதி, அதன்படி நடக்க ஒரு ஆளைப் போட்டால் பாதிச் சண்டை தீரும். கிழிந்த வலையை அந்த வாரமே மாற்றினால் மீதியும் தீரும்.

இலவசமாக நிலைக்குமா என்ற பயமும் ஜனங்களுக்கு இருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. 2024 அக்டோபர் கடைசியில் என்ன நடந்தது? சென்னை மாநகராட்சி தன்னுடைய 9 கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விட்டு, ஆடுகிறவர் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டது. அடேயப்பா, எத்தனை எதிர்ப்பு! அன்றாடக் கூலிக்குப் போகிறவர் வீட்டுப் பையன் ஒரு மணி நேரம் பந்து உதைக்க 120 ரூபாய்க்கு எங்கே போவான்? சூட்டோடு சூடாகத் தீர்மானம் வாபஸ் ஆனது. பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது நியாயம்தான். அதை டவுசர் பையில் பத்து ரூபாய் இல்லாத பையனிடம் கேட்பதுதான் நியாயமில்லை.

ஷெனாய் நகரோடு இந்தக் கதை முடியவில்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலைக்காகத் தி.நகர் பனகல் பூங்காவிலும் இடம் எடுத்து வேலி போட்டார்கள். அங்கேயும் கீழே ஸ்டேஷன். அங்கேயும் நடந்து பழகிய பெரியவர்கள், விளையாடிப் பழகிய குழந்தைகள். ‘எப்போ திருப்பித் தருவாங்க?’ என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல அதிகாரிகளிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது: ரயில் ஓட ஆறு வருஷம், பார்க் திறக்க இன்னொரு ஆறு வருஷம்.