தந்தையிடம் கேட்ட கேள்வி

மாற்கு நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில், வலிப்பினால் துன்புறும் தன் மகனை ஒரு தந்தை இயேசுவிடம் கொண்டு வருகிறார். ஆண்டவர் உடனே குணமாக்கிவிடவில்லை. இந்நிலை எப்போது தொடங்கியது என்று முதலில் தந்தையிடம் விசாரிக்கிறார். குழந்தைகளின் மனநலப் பிரிவில் பணிபுரியும் செவிலியரின் முதல் அலுவலும் இதுவேயன்றோ!

நம் மல்லாங்கிணறு வட்டாரப் பெண்மக்கள் செவிலியர் பயிற்சிக்குச் செல்வதைப் பெருமையாகக் கருதும் நாம், மனநலப் பிரிவு என்றதும் ஏனோ தயங்குகிறோம். அப்பணியின் மேன்மையை அறிந்தால் தயங்கமாட்டோம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் பாகாயத்தில் தொடங்கப்பட்டது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்குவது அதன் சிறப்பான மரபு. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென அங்கு 'நம்பிக்கை நிலையம்' உண்டு. இத்தகைய இடங்களில் செவிலியர் குழந்தைக்கு மட்டுமன்று, தாய்க்கும் துணை.

உள்ளத்தின் வேதனையைக் குழந்தை சொல்லத் தெரியாது. அது உறங்கும் விதம், உண்ணும் அளவு, விளையாடும் முறை, தாய் அகன்றதும் மாறும் முகம் ஆகியவற்றைச் செவிலியர் கவனித்துக் குறிக்கின்றனர். மருந்தினால் மயக்கமோ நடுக்கமோ உண்டாகிறதா எனப் பார்க்கின்றனர். பல் துலக்குவதைக்கூடச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் பாராட்டிக் கற்பிக்கத் தாயைப் பழக்குகின்றனர். கடித்த பிள்ளையையே மறுநாள் காலையில் புன்னகையோடு அழைப்பதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும்!

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடித் தீ விபத்தில் 28 மனநோயாளர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்கள் தப்ப இயலவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. சிறாரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து வைக்கவும், பெற்றோர் முதலிய பொறுப்பாளர் உடன் தங்கவும் அது பணிக்கிறது. இவ்விதிகளுக்கு உயிர் கொடுப்போர் செவிலியரே.

ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். பேயென்று சொல்லிப் பங்கு இல்லத்திற்கு அழைத்து வரப்பட்ட பிள்ளைகளை மந்திரித்து, தீர்த்தம் தெளித்து, அத்தோடு அனுப்பியதுண்டு. எவ்வளவு காலமாக என்று கேட்கவில்லை. மருத்துவரிடம் செல்லுங்கள் எனவும் சொல்லவில்லை. அத்தவற்றை எண்ணி இன்றும் வருந்துகிறோம்.

அன்புப் பெற்றோரே! செபமும் சிகிச்சையும் பகையல்ல. பிள்ளையிடம் மாற்றம் கண்டால் மறைக்காதீர்கள். 2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி நமக்கு அருகிலேயே உள்ளது. 14416 என்னும் எண்ணில் இலவச மனநல ஆலோசனையும் பெறலாம். உங்கள் மகள் இப்பணியை விரும்பினால் தடுக்காதீர்கள். அந்தத் தந்தையிடம் ஆண்டவர் கேட்ட கேள்வியை, நாளை வேறொரு தந்தையிடம் பரிவோடு கேட்கப் போகிறவள் அவளே.