காலி அடுப்பும் புரோட்டானும்



எங்க மாமா நம்ம சங்கரன்கோவில்ல ரிப்பேர் கடை வச்சிருக்காங்க. போன மாசம் ஒரு மைக்ரோவேவ் அடுப்பு வந்தது. உள்ளே ஒண்ணும் வைக்காம ஓட்டி, அலையை உண்டாக்குற மேக்னட்ரான் போயிருச்சு. “குடிக்க ஆள் இல்லன்னா அலை வந்த வழியே திரும்பி மேக்னட்ரானையே சுட்டுரும்லா” என்றார்கள் மாமா. மேக்னட்ரானிலிருந்து அடுப்புக்குள் அலை போகும் தகரக்குழாயையும் காட்டினாங்க. அதன் பெயர் வேவ்கைடு.

அறிவியல் டீச்சரிடம் சொன்னதும், இதே அலை பெரிய வேலையும் செய்யுது என்றார்கள். மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ‘லெஹிபா’ என்ற புரோட்டான் முடுக்கி இருக்கிறது. அங்கே அலை தாக்குவது ஹைட்ரஜன் வாயுவை. 875 காஸ் காந்தப்புலத்தில் எலக்ட்ரான் நொடிக்கு 245 கோடி தடவை சுற்றும். நம்ம அடுப்பு அலையும் நொடிக்கு 245 கோடி தடவைதான் அதிருது! ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுற மாதிரி அலை எலக்ட்ரானைத் தள்ளத் தள்ள, அது வாயுவில் மோதி பிளாஸ்மா உண்டாகும். அதிலிருந்து புரோட்டானை 50 ஆயிரம் வோல்ட் வைத்து இழுக்கிறார்கள்.

குழாய்தானேன்னு நினைக்காதீங்க. அலைநீளம் 12.2 செ.மீ. குழாயின் அகலம் அதில் பாதிக்கும் குறைந்தால் அலை போகவே போகாது. பிளாஸ்மா பற்றும் வரை அந்த அறையும் காலி அடுப்புதான். திரும்பி வரும் அலையை சர்குலேட்டர் என்ற உறுப்பு வேறு பக்கம் திருப்பிவிடும். அங்கே தண்ணீர் அதைக் குடித்துக்கொள்ளும். குழாயில் மூன்று திருகுகளும் உண்டு. அவற்றை ஏற்றி இறக்கி, திரும்பும் அலையையே குறைப்பார்கள்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். பிளாஸ்மா அறை 50 ஆயிரம் வோல்ட்டில் நிற்கிறது. மேக்னட்ரானோ தரையோடு இணைந்தது. நடுவுல உலோகக் குழாய்! தொட்டால் என்ன ஆகும்? அதனால் இந்த மாதிரி கருவிகளில் குழாயை வெட்டி, இடையில் மின்கடத்தாத் தகடு வைப்பாங்க. வோல்ட்டேஜ் அங்கேயே நின்னுரும், அலை மட்டும் தாண்டிப் போகும். மாமாகிட்ட சொன்னேன். “ஏட்டி, கதை விடாத” என்றார்கள். படம் போட்டுக் காட்டின பிறகுதான் நம்பினாங்க.

2023இல் லெஹிபா புரோட்டான்களை 2 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குக் கொண்டுபோனது. 100 கோடியை எட்டும் முடுக்கி வந்தால், அந்தப் புரோட்டான் கன உலோகத்தில் மோதி நியூட்ரான்களைக் கொட்டும். அவை தோரியத்தை அணு எரிபொருளாக மாற்றும். தோரியம் எங்கே இருக்கு தெரியுமா? கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல!

அந்த அடுப்புக்குப் புது மேக்னட்ரான் போட்டாச்சு. ஓட்டிப் பார்க்கும் முன்னால் மாமா உள்ளே ஒரு டம்ளர் தண்ணி வச்சாங்க.