பசுவின் குளம்பைப் பார்க்கப் பழகுவோம்

நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளை வடக்கிலிருந்து வந்தவர்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு லாடம் அடிப்பவரும் இல்லை, குளம்பு சீவுபவரும் இல்லை. காய்ந்த சுண்ணாம்புக்கல் தரையில் புல்லும் தண்ணீரும் தேடி நாள் முழுதும் நடப்பதால், வளர்கின்ற குளம்பு தானாகத் தேய்ந்து விடுகிறது. ஊரில் நாம் வளர்த்த மாடுகளும் அப்படித்தான். காலையில் அவிழ்த்து விட்டால் மாலையில்தான் பட்டிக்குத் திரும்பும். அவற்றின் குளம்பைப் பற்றி நாம் நினைத்ததே இல்லை.

பூண்டுலோயாவில் நிலைமை வேறு. தேயிலைக்குள் மாட்டை மேய விட முடியாது. லயத்துக்குப் பின்னால் சிறு கொட்டகையில் கட்டி, புல் அறுத்துப் போட்டு வளர்க்கிறோம். பசுவின் குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் வளர்கிறது. நடை இல்லாததால் தேய்வதில்லை. மழை மாதங்களில் சாணியும் மூத்திரமும் சேர்ந்து அதை ஊற வைத்து மென்மையாக்குகின்றன. கால் நோகும் பசு அதிக நேரம் படுத்துக் கிடக்கும். தீன் குறையும், பால் குறையும், சினைப்படுவதும் பிந்தும். ஒரு பசுவை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது பெரிய இழப்பு.

ஆகவே குளம்பைப் பார்க்கப் பழகிக்கொள்வோம்.

முதலில் முதுகைப் பாருங்கள். பசுவைச் சமதரையில் பத்தடி நடத்துங்கள். நிற்கும்போது நேராக இருக்கும் முதுகு நடக்கும்போது வளைந்தால், நொண்டுவதற்கு முன்பே கால் நோகத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

அடுத்து, பின்னால் நின்று பின்னங்கால்களைப் பாருங்கள். முழங்கால்கள் ஒன்றையொன்று நெருங்கி, பாதங்கள் வெளிப்புறம் திரும்பியிருந்தால் வெளிக்குளம்பு அதிகம் வளர்ந்துள்ளது. பெரும்பாலான குளம்புப் புண்கள் அந்த வெளிக்குளம்பில்தான் வருகின்றன.

மூன்றாவது, நீளத்தை அளந்து பாருங்கள். மயிர் முடியும் இடத்திலிருந்து குளம்பின் நுனி வரை, பிரீசியன் போன்ற பெரிய பசுவுக்கு ஏறத்தாழ 7½ சென்ரிமீற்றர் போதும். ஜேர்சிக்குச் சற்றுக் குறைவு. நுனி செருப்பைப் போல மேல்நோக்கி வளைந்திருந்தால் சீவ வேண்டிய காலம் கடந்துவிட்டது.

கட்டி வளர்க்கும் குதிரைக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை குளம்பு சீவுவார்கள். பசுவுக்கு வருடத்தில் இருமுறை பார்த்துத் தேவையானால் சீவினால் போதும். பால் வற்றவிடும் நேரம் இதற்கு ஏற்றது. கன்று போடும் நாள் நெருங்கியபின் வேண்டாம். பழக்கமில்லாதவர் கத்தியை எடுக்கக் கூடாது. ஆனால் சீவியவர் சரியாகச் செய்தாரா என்று நாம் பார்க்கலாம். இரு குளம்பும் சம உயரத்தில் தரையில் பதிய வேண்டும். குதிப் பக்கத்தை அதிகம் வெட்டியிருக்கக் கூடாது. அடிப்பாகத்தைப் பெருவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. அமுங்கினாலோ இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தாலோ மிக ஆழமாக வெட்டப்பட்டுவிட்டது. அழகுக்காக மேலும் மேலும் சீவுவது பசுவுக்குச் செய்யும் தீங்கு.

எல்லா நொண்டலும் நீண்ட குளம்பால் வருவதில்லை. இரு குளம்புக்கும் இடையில் திடீரென வீங்கி, நாற்றம் வீசினால் அது குளம்பழுகல். கத்தியால் தீராது, மருந்து வேண்டும். அந்த மருந்து கொடுக்கும் நாட்களிலும் அதன்பின் வைத்தியர் சொல்லும் நாட்கள் வரையும் பாலை விற்கக் கூடாது. வாயில் கொப்புளமும் எச்சில் வடிதலும் சேர்ந்திருந்தால், அல்லது அயலில் பல மாடுகள் ஒரே வேளையில் நொண்டினால், கால்வாய் நோயாக இருக்கலாம். மாட்டை வெளியே கொண்டு போகாமல் உடனே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

செலவில்லாத வைத்தியமும் உண்டு. சாணியைத் தினமும் இருவேளை வாருங்கள். மூத்திரம் வடிந்தோடத் தரைக்குச் சரிவு கொடுங்கள். படுக்கக் காய்ந்த இடம் ஒன்று இருக்கட்டும். முடிந்தால் நாளுக்குச் சற்று நேரம் பசுவைக் கயிற்றில் பிடித்து நடத்துங்கள். மயில்துத்தக் கரைசலில் கால் நனைப்பதானால் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சிய நீரை ஓடையில் ஊற்றாதீர்கள், அது நஞ்சு.

கிழமையில் ஒருநாள், பால் கறந்து முடிந்ததும், பசுவின் நான்கு கால்களையும் குனிந்து பார்ப்போம். நெடுந்தீவுக் குதிரைக்கு அந்தக் கல்தரை செய்வதை இங்கே நம் கண்ணும் கையும்தான் செய்யவேண்டும்.