ஆபத்து சட்டியில் இல்லை

கோழிக்கறியை வேகவைப்பதில் காட்டும் அக்கறை, அதற்கு முந்தைய அரை மணி நேரத்திலும் தேவை

2025 ஜனவரியில் புனேயின் சிங்கட் சாலைப் பகுதியில் பலருக்குத் திடீரென்று கை, கால்கள் மரத்துப்போய் வலுவிழந்தன. கில்லன்-பாரே நோய். உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கும் இந்த நோயால் பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்டோர் எண்ணிக்கை சில வாரங்களில் 200ஐத் தாண்டியது. நோயாளிகளின் மலப் பரிசோதனையில் சிக்கிய கிருமிகளில் ஒன்று கேம்பிலோபாக்டர். சந்தேகம் பெரும்பாலும் குடிநீர் மீதே விழுந்தது. ஆனால் இந்தக் கிருமி வழக்கமாகக் குடியிருக்கும் இடம் கோழியின் குடல். மாநில சுகாதாரத் துறையின் அறிவுரைகளில், சமைத்த உணவையும் சமைக்காததையும் சேர்த்து வைக்கக் கூடாது என்பதும் இருந்தது.

'நாம் என்ன அரைவேக்காடாகவா சாப்பிடுகிறோம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 74 டிகிரி செல்சியஸ் சூட்டில் கேம்பிலோபாக்டரும் சரி, சால்மோனெல்லாவும் சரி, பிழைக்காது. கொதிக்கும் குழம்பு அதைவிடச் சூடானது. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோதும், நன்றாக வெந்த கறியால் பயமில்லை என்றே நிபுணர்கள் சொன்னார்கள்.

சிக்கல் கறி சட்டிக்குள் போவதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. கிருமி இருந்தாலும் கோழி நோயில் விழுவதில்லை. பார்த்து வாங்கியும் கண்டுபிடிக்க முடியாது. கடையில் ஒரே கத்தி, ஒரே மரக்கட்டை. பாலித்தீன் பையில் ரத்தமும் நீருமாக வீட்டுக்கு வரும் கறியைக் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுகிறோம். தெறிக்கும் துளிகள் பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லி மீதும் டம்ளர் மீதும் விழுகின்றன. நோய் வரச் சில நூறு கேம்பிலோபாக்டர் கிருமிகளே போதும். கோழி வெட்டிய பலகையில் வெள்ளரிக்காயும் வெங்காயமும் நறுக்கினால் கேட்கவே வேண்டாம். கறி வேகும், வெங்காயப் பச்சடி வேகாது.

கழுவாமல் சமைப்பதே நல்லது என்பது நிபுணர்கள் கருத்து. மஞ்சளும் உப்பும் எலுமிச்சையும் வாடையைப் போக்கும், கிருமியை ஒழிக்காது. கழுவியே தீர வேண்டும் என்பவர்கள் பாத்திரத்தில் நீர் ஊற்றித் தெறிக்காமல் அலசி, பிறகு தொட்டி, கத்தி, பலகை, கைகள் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பச்சைக் கறிக்குத் தனிப் பலகை வைத்துக்கொள்வது உத்தமம். மசாலா தடவிய கறி ஊற வேண்டிய இடம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு. சமையல் மேடை அல்ல.

தந்தூரியிலும் கபாபிலும் இன்னொரு ஏமாற்று வேலை உண்டு. வெளியே கருகியிருக்கும்; எலும்பை ஒட்டி ரத்தச் சிவப்பு தெரியும். தடித்த துண்டைப் பிளந்து பார்த்து, சந்தேகம் இருந்தால் மறுபடி அடுப்பில் வைப்பதே புத்திசாலித்தனம்.

மிஞ்சிய பிரியாணியை இரண்டு மணி நேரத்துக்குள், கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் சூடாக்கினால் கிருமி சாகும். ஆனால் அது விட்டுச்சென்ற நஞ்சு சில சமயம் கொதிக்கவைத்தாலும் அழியாது.

கேம்பிலோபாக்டர் தாக்கியவர்களில் பெரும்பாலோர் ஒரு வாரம் வயிற்றுப்போக்கோடு தப்பிவிடுகிறார்கள். சுமார் 1,000 பேரில் ஒருவருக்குத்தான் கில்லன்-பாரே வருகிறது. அந்த ஒருவர் நம் வீட்டில் இருக்க வேண்டாமே.