பக்கத்துக் குரலைக் கேட்கும் காது

மெல்பர்ன் நகர மையத்திலிருந்து வடக்கே சுமார் 26 கிலோமீட்டரில் இருக்கிறது கிரெய்கிபர்ன். 2007இல் மின்சார ரயில் வந்தது. வயல்வெளியாகக் கிடந்த இடமெல்லாம் வீடுகளாகின. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 65,000 பேர். இந்தியா, இலங்கை, ஈராக் என்று பல திசைகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமலே ஆண்டுகள் ஓடிவிடக்கூடிய இப்படிப்பட்ட புறநகர்களில், தேவாலயக் கொயரில் சேர்ந்தவர் மட்டும் சில வாரங்களிலேயே யாருக்கோ அண்ணனாகவோ அக்காவாகவோ ஆகிவிடுகிறார். இது எப்படி நடக்கிறது என்பதை அறிவியல் ஓரளவு கண்டுபிடித்திருக்கிறது. விளக்கத்தைக் காதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டு பேர் ஒரே சுரத்தைப் பாடுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவரின் குரல்நாண் நொடிக்கு 220 முறை அதிர்கிறது. மற்றவருடையது 221 முறை. அப்போது ஒலி நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும். இயற்பியல் பாடத்தில் விம்மல் என்று படித்தது இதைத்தான். வித்தியாசம் கூடக்கூட விம்மல் வேகமெடுத்துக் கரகரப்பாக மாறும். பழகிய கொயர்க்காரர் இதைக் கணக்குப் போட்டுச் சரிசெய்வதில்லை. பக்கத்துக் குரலோடு உரசுவதைக் காது உணர்ந்ததும் தொண்டை தானாக நகர்கிறது.

நான்கு பாகமாகப் பாடும்போது விஷயம் இன்னும் சுவையானது. கீபோர்டில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 220 ஹெர்ட்ஸை ஆதார சட்ஜமாகக் கொண்டால் அந்தர காந்தாரம் ஏறக்குறைய 277. இயற்கையான ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் அது 275தான். வித்தியாசம் இரண்டே ஹெர்ட்ஸ் என்றாலும், கீபோர்டின் சட்ஜம், காந்தாரம் இரண்டின் மேல்சுரங்கள் மோதி நொடிக்கு ஒன்பது விம்மல் வரை எழும். கீபோர்டு நின்று குரல் மட்டும் தனித்து ஒலிக்கும் இடங்களில், நல்ல ஆல்டோ (தாழ்ந்த பெண்குரல்) அணி அந்தக் காந்தாரத்தை ஒரு மயிரிழை இறக்கிப் பாடுவதைக் கேட்கலாம். இறக்கியவுடன் ஒலி தெளிந்துவிடும். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில், யாரும் மீட்டாமலே எழும் காந்தாரமும் இதே இயற்கை விகிதத்தைச் சேர்ந்ததுதான். ஸ்தாயியை எப்படிப் பங்கிடுவது என்ற இந்தக் கேள்வியோடுதான் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டினார். 1917இல் வெளிவந்த அவருடைய ‘கருணாமிர்த சாகரம்’ சுருதி ஆராய்ச்சிக்கே பெரும்பகுதியை ஒதுக்குகிறது. அவர் கிறிஸ்தவப் பாடல்கள் இயற்றியவர் என்பதையும் தமிழ்க் கொயர்கள் மறக்கக் கூடாது.

ஆனால் இருபது பேரும் துல்லியமாக ஒரே அதிர்வில் பாடிவிட முடியாது, முடிந்தாலும் நன்றாயிருக்காது. மிக நுண்ணிய வேறுபாடுகள் எஞ்சியிருப்பதால்தான் கூட்டுக்குரலுக்கு அந்த அகலமும் பட்டுப்போன்ற மென்மையும் வருகின்றன.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் எவரும் சத்தத்தைக் கூட்டுவார்கள். இது லொம்பார்ட் விளைவு. ஒருவர் கூட்டினால் அடுத்தவரும் கூட்டுவார். ஐந்து நிமிடத்தில் கொயர் கத்தத் தொடங்கிவிடும். ஸ்டாக்ஹோமில் கொயர் ஒலியை நீண்டகாலம் அளந்து ஆராய்ந்த ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம், பாடகர்கள் தம் குரல் மற்றவர்களின் குரலைவிடச் சற்றுத் தூக்கலாகக் கேட்பதையே விரும்புகிறார்கள் என்று கண்டார். ஆகவே கொயர் மாஸ்டர் “கொஞ்சம் தள்ளித் தள்ளி நில்லுங்க” என்று சொன்னால் அது வீண் கண்டிப்பு அல்ல. சற்று கூடுதலான இடைவெளி ஒவ்வொருவருக்கும் தன் குரலை மீட்டுக் கொடுக்கும்.

காதுக்கு அடுத்தது மூச்சு. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது, விடும்போது மெதுவாகிறது. பாட்டு என்பது நீண்ட நேரம் மூச்சை விடுவதுதானே! சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் விக்ஹாஃப் குழுவினர், 2013இல் வெளியான ஆய்வுக்காக, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேரை ஒன்றாகப் பாடவைத்து இதயத்துடிப்பைப் பதிவுசெய்தார்கள். முணுமுணுப்பு, ஒரு கிறிஸ்தவப் பாமாலை, மெதுவான மந்திரம் என மூன்று விதம். பாட்டின் வரிகள் மூச்சை ஒழுங்குபடுத்த, எல்லோருடைய துடிப்பு வேகமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. இதயங்கள் ஒரே கணத்தில் துடித்தன என்று இதைப் பெரிதுபடுத்தக் கூடாது. வேகத்தின் ஏற்ற இறக்கம் ஒத்துப்போனது, அவ்வளவே. குழுவும் சிறியதுதான். இருந்தாலும் பாடலின் அமைப்பு உடலுக்குள் இவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது வியப்புக்குரியது.

அமெரிக்கக் கறுப்பினக் கிறிஸ்தவர்களின் காஸ்பல் இசை காது, மூச்சு இரண்டின் வேலையையும் உச்சத்துக்குக் கொண்டுபோகிறது. ஒருவர் அழைக்கக் கூட்டம் பதில் சொல்கிறது. கைத்தட்டல் இரண்டாம், நான்காம் அடிகளில் விழுகிறது. கீர்த்தனையில் முன்பாட்டுக்காரர் பல்லவியை எடுத்துக்கொடுக்கச் சபை வாங்கிப் பாடும் பழக்கம் உள்ள தமிழருக்கு அந்த அழைப்பும் பதிலும் இயல்பாகவே வரும். காஸ்பலுக்கு 1930களில் சிகாகோவில் உருக்கொடுத்தவர் தாமஸ் டோர்சி. அதற்கும் மூத்தது, அடிமைத்தளையில் பிறந்த ஆன்மிகப் பாடல் மரபு. அதை உலக மேடைக்குக் கொண்டுவந்தது, 1871இல் நாஷ்வில்லில் தொடங்கிய ஃபிஸ்க் ஜூபிலி பாடகர் குழு.

அந்தப் பாட்டு மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்துக்கு வந்து ரொம்ப நாளாகிறது. 1886இல் ஃபிரெடரிக் லௌடின் தலைமையில் ஃபிஸ்க் பாடகர்கள் மெல்பர்ன் வந்தார்கள். அதே ஆண்டு மரே ஆற்றங்கரையில் இருந்த மலோகா மிஷனுக்குப் போய் யோர்ட்டா யோர்ட்டா பழங்குடி மக்கள் முன் பாடினார்கள். பார்வோனின் படையைப் பற்றிய அவர்களுடைய பாடலொன்று யோர்ட்டா யோர்ட்டா மொழிக்கு மாறி, ‘புரா ஃபெரா’ என்ற பெயரில் இன்றும் பாடப்படுகிறது. 2012இல் வந்த ‘தி சஃபையர்ஸ்’ படத்திலும் அது ஒலித்தது. அந்த மிஷன் பள்ளியில் அப்போது ஆசிரியராக இருந்தவர் தாமஸ் ஷட்ராக் ஜேம்ஸ், மொரீஷியஸில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். அமெரிக்காவின் கறுப்பினப் பாடகர்கள், நிலத்தை இழந்த பழங்குடிகள், ஓர் இந்திய வம்சாவளி ஆசிரியர்: மூவரையும் ஒரு பாட்டு ஒரே இடத்தில் சேர்த்த கதை இது. வடக்கு மெல்பர்னில் குடியேறும் நம்மவர் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவரையொருவர் அறியாதவர்களைப் பாட்டு விரைவாகச் சேர்க்கிறது என்பதற்கு அளவெடுத்த சான்றும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எய்லனட் பியர்ஸ், ஜாக் லோனே, ராபின் டன்பார் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, வயதுவந்தோர் கல்வி வகுப்புகளை ஏழு மாதம் பின்தொடர்ந்தது. சில வகுப்புகளில் பாட்டு; மற்றவற்றில் கைவினை அல்லது படைப்பெழுத்து. ஏழு மாத முடிவில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பாடியவர்கள் தொடக்கத்திலேயே நெருங்கிவிட்டார்கள். வந்திறங்கிய முதல் சில மாதங்களின் தனிமையை அனுபவித்தவர்களுக்கு அந்த வேகத்தின் மதிப்பு தெரியும்.

ஆஸ்திரேலியாவிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2006இல் ஜொனாதன் வெல்ச், வீடற்றவர்களையும் ஒதுக்கப்பட்டவர்களையும் சேர்த்து மெல்பர்னில் ‘கொயர் ஆஃப் ஹார்ட் நாக்ஸ்’ குழுவைத் தொடங்கினார். பின்னர் குயின்ஸ்லாந்தில் இதே வகைக் குழு ஒன்றின் 21 உறுப்பினர்களை உளவியலாளர் ஜெனிவீவ் டிங்கிள் குழுவினர் ஓராண்டில் மூன்று கட்டமாகப் பேட்டி கண்டார்கள். மனநிலை மேம்பட்டதையும் மற்றவர்களோடு உறவு பெருகியதையும் அந்த உறுப்பினர்களே எடுத்துச் சொன்னார்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்கேஜிட் பள்ளத்தாக்கில் 61 பேர் இரண்டரை மணிநேரம் கொயர் பயிற்சி செய்தார்கள். அவர்களில் 53 பேருக்குக் கொரோனா தொற்று ஏற்பட்டது, அல்லது ஏற்பட்டதாகக் கருதப்பட்டது. இருவர் இறந்தார்கள். உரக்கப் பாடும்போது நுண்துளிகள் பேச்சைவிட அதிகம் வெளியேறும். மெல்பர்ன் குளிர்காலத்தில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கதவுகளை இறுக மூடிப் பயிற்சி செய்வது நல்லதல்ல. ஒரு ஜன்னலையாவது திறந்து வைக்க வேண்டும். இருமல் உள்ளவர் அந்த வாரம் வீட்டிலிருப்பது நலம்.

“எனக்குப் பாட வராது” என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உறுதியான குரல் கொண்ட இருவருக்கு நடுவே நில்லுங்கள், சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக் குரலைக் கேளுங்கள். மீதியைக் காது பார்த்துக்கொள்ளும். ஆண்களே, நீங்கள் தயங்காமல் வாருங்கள்: அநேகமாக எல்லாக் கொயரிலும் டெனர் (உயர்ந்த ஆண்குரல்) வரிசையில்தான் இடம் காலியாக இருக்கிறது.