தீனி டப்பாவும் தொட்டித் தண்ணீரும்

வீட்டு மீன் தொட்டிக்குள் ஊட்டச்சத்து புகுவதற்கு நிரப்பும் தண்ணீர், தூவும் தீனி என இரண்டே முக்கிய வழிகள் உள்ளன. ஏரிக்கு வரத்துக் கால்வாயும் கலிங்கும் இருப்பதால் சேர்ந்ததில் ஒரு பகுதியாவது பெருமழையில் அடித்துச் செல்லப்படும். தொட்டிக்கு அந்த வசதி இல்லாததால், உள்ளே விழுந்த தீனி மீனின் உடலாகவோ, பாசியாகவோ, கரைந்த உப்பாகவோ அங்கேயே தங்கிவிடுகிறது.

கடைகளில் கிடைக்கும் உருண்டைத் தீனியில் புரதம் 40 விழுக்காடு என்று கொண்டால், ஒரு கிராம் தீனியில் 400 மில்லிகிராம் புரதமும், அதில் ஏறத்தாழ 64 மில்லிகிராம் நைட்ரஜனும், அதாவது உழவர்கள் தழைச்சத்து என்று அழைக்கும் பொருளும் இருக்கும். இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மட்டுமே மீன் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. மீன் கழிவு என்றதும் தொட்டியின் அடியில் படியும் எச்சமே நினைவுக்கு வந்தாலும், மிச்சமுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி செவுள் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாவாகவே வெளியேறுகிறது. வடிகட்டியின் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் இந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நஞ்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கணக்கிட்டுப் பார்த்தால், 50 லிட்டர் தொட்டியில் தின்று தீர்க்கப்பட்ட ஒரு கிராம் தீனி லிட்டருக்கு ஏறத்தாழ 4 மில்லிகிராம் நைட்ரேட்டைச் சேர்க்கிறது. தின்னாமல் கிடந்து அழுகினால் இது 5 மில்லிகிராமையும் தாண்டும்.

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே சுவேத நதி ஓடும் தம்மம்பட்டிப் பகுதியில் இந்தக் கணக்கை நிரப்பும் தண்ணீரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியின் கடினப்பாறைக்குள்ளிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பும் காரமும் மிகுந்தது. உரமும் சாக்கடையும் இறங்கும் இடங்களில், குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்துள்ள லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற நைட்ரேட் வரம்பையும் அது மீறிவிடுகிறது. மாற்றி ஊற்றும் நீரிலேயே 45 இருக்குமானால், வாரந்தோறும் பாதித் தண்ணீரை மாற்றினாலும் அதனால் மட்டும் தொட்டியின் அளவு அதற்குக் கீழே இறங்காது. தமிழகக் கட்டடங்களுக்கு 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம்; அந்த நீரைத் தேக்கும் தொட்டி வீட்டில் இருந்தால், அதைச் சரிபாதி கலப்பதே எளிய மாற்றாகும்.

காரத்தன்மை மற்றொரு தொல்லையையும் உண்டாக்குகிறது. நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் நிற்கிறது. அவற்றுள் மீனைக் கொல்லவல்ல வடிவம், நீரின் பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவும், 8 ஆகும்போது ஏறத்தாழ பத்து மடங்காகவும் இருக்கிறது. ஆகவே, மென்னீர்த் தொட்டி ஒன்று தாங்கிக்கொள்ளும் அதே தீனி, கோடையில் சூடேறிய கிணற்று நீர்த் தொட்டியில், அதுவும் மின்வெட்டில் வடிகட்டி நின்றுவிட்ட இரவில், விடியற்காலையில் மீன்களை மேற்பரப்பில் வாய் பிளக்க வைத்துவிடும்.

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது என்பதைப் பலரும் அறிவதில்லை. தின்றதைத் தேக்கி வைக்க இடமில்லாததால் அது எப்போதும் இரை தேடும்; எனவே அது வாயை அசைத்துக்கொண்டு கண்ணாடியருகே வருவது பசியால்தான் என்று எண்ணி அள்ளிப் போடுவது தவறு. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவை நாளுக்கு இருமுறை இட்டு, வாரத்தில் ஒரு நாள் நிறுத்துவதே தகும். தொட்டியில் வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளை வளர்ப்பவருக்கு மட்டும் தீனி ஓரளவுக்கு உரமாகவும் பயன்படுகிறது. ஆனால் அது தழைச்சத்தையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) தாராளமாகத் தருமே ஒழிய, சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) இரும்பும் அதில் போதாமையால், பழைய இலைகளில் ஓட்டை விழுந்தாலோ புதுத் தளிர் வெளுத்தாலோ அவற்றைத் தனியே இட வேண்டும். அதற்காகத் தீனியைக் கூட்டினால் செடிக்கு முன் பாசிதான் கொழுக்கும்.

வளர்ந்த, நலமான மீன் ஒரு வாரம்வரை இரையின்றி இருக்கக்கூடியது. மூன்று நாள் வெளியூர் செல்லும் குடும்பம் தொட்டியில் எதையும் கொட்டிவிட்டுப் போக வேண்டியதில்லை.